குருத்தணு மாற்றுச் சிகிச்சையும் வேலூர் ஆய்வுக் கட்டுரைகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

முன்னுரை

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே செல்லும் விரைவு ரயில்கள் பல நம் அம்பத்தூர் நிலையத்தில் நிற்பதில்லை. நடைமேடையில் நிற்பவரை ஒரு நொடி அதிரவைத்துவிட்டு, ஆவடி, அரக்கோணம் வழியாகக் காட்பாடியை நோக்கிப் பறந்துவிடுகின்றன. அவற்றில் செல்வோரில் பலர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிச் செல்லும் நோயாளிகள். இங்கிருந்து அவ்வூர் நூற்றுச் சில்லறை கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் அங்கு நடந்த ஆராய்ச்சியைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நோய்த்தடுப்பியல் பாடத்தில் நாம் படிக்கும் பெயர்கள் பெரும்பாலும் பாரிசையும் லண்டனையும் சியாட்டிலையும் சேர்ந்தவை. அதே பாடத்தில் நம் பக்கத்து ஊரிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள் என்பதை நானும் அண்மையில்தான் அறிந்தேன்.

அறிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். தலசீமியா என்னும் பிறவிக் குருதி நோய் அவனுக்கு. தந்தை தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். அவனுடைய ஒரே தமக்கைக்கு வயது 12. அவளுடைய எலும்பு மஜ்ஜை தம்பிக்குப் பொருந்துமா என்று சோதித்தார்கள், பொருந்தவில்லை. அன்று மாலை அவள் என்னிடம் வந்து, “அக்கா, நான் பெயிலாகிவிட்டேனா?” என்று கேட்டாள். விலங்கியல் படிக்கும் நான் அப்போது அவளுக்குச் சரியாக விடை சொல்ல முடியாமல் நின்றேன். விடை தேடி நூலகத்தில் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

குருதி பிறக்கும் இடம்

நம் உடலில் ஓடும் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். தட்டணுக்கள் ஒரு வாரம், பத்து நாள் வாழ்கின்றன. வெள்ளணுக்களில் சில வகைகள் குருதியில் ஒரு நாள்கூட நிலைப்பதில்லை. ஆகவே உடல் ஒவ்வொரு நாளும் புதிய அணுக்களைப் படைத்த வண்ணம் இருக்க வேண்டும். சிவப்பணுக்களில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி புதிதாகத் தோன்றுகின்றன. இத்தனையும் பிறக்கும் இடம் எலும்பினுள் இருக்கும் மஜ்ஜை. அங்குள்ள குருத்தணுக்களே இவை அனைத்திற்கும் தாய்.

குருத்தணுவின் இயல்புகள் இரண்டு. ஒன்று, தன்னைப் போன்ற அணுவைத் தானே தோற்றுவித்துக் கொள்ளுதல். மற்றொன்று, சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எனப் பல வடிவங்களாகப் பிரிந்து வளர்தல். இதைக் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் டில், மெக்கல்லக் என்னும் இருவர் 1961-இல் சோதனை வாயிலாகக் காட்டினர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினார்கள். சில நாட்களில் அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஓர் அணுவின் வழித்தோன்றல் என்று பின்னர் நிறுவப்பட்டது.

தலசீமியாவில் கேடு இருப்பது இந்தத் தாயணுவின் மரபுக் குறிப்பிலேயே. ஹீமோகுளோபினில் ஆல்பா, பீட்டா என்னும் இருவகைச் சங்கிலிகள் உள்ளன. 11-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா மரபணு தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் பழுதாக வந்துவிட்டால் பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாவதில்லை. துணையின்றி எஞ்சிய ஆல்பா சங்கிலிகள் திரண்டு, சிவப்பணுவை மஜ்ஜைக்குள்ளேயே அழித்துவிடுகின்றன. எனவே பிறர் இரத்தத்தை ஏற்றிக் குழந்தையைக் காக்கிறார்கள்.

ஆனால் ஏற்றும் இரத்தமே இன்னொரு துன்பத்தைக் கொண்டு வருகிறது. ஒரு புட்டி இரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. மிகையான இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலுக்கு இல்லை. அது கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. கல்லீரல் வீங்கி, நாளடைவில் நார் பாய்ந்து கெட்டியாகிறது. இரும்பை வெளியேற்ற மருந்துகள் உண்டு. அவற்றை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். இந்தக் கல்லீரல் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

நோயை வேரோடு களைய வேண்டுமாயின் பழுதான தாயணுக்களை நீக்கிவிட்டு, நல்ல தாயணுக்களை அவ்விடத்தில் குடியேற்ற வேண்டும். இதுவே குருத்தணு மாற்றுச் சிகிச்சை. இரத்தப் புற்றுநோய்க்கும், மஜ்ஜை வறண்டு போகும் நோய்க்கும், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளுக்கும் இதே முறை பயன்படுகிறது.

தன்னவரும் அயலவரும்

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்சிகிச்சைக்குக் குறுக்கே நிற்பது நோய் எதிர்ப்பாற்றல். உட்கரு உள்ள நம் அணுக்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் சில புரதங்களை அடையாளச் சீட்டாகத் தாங்கி நிற்கிறது. இவற்றுக்கு எச்.எல்.ஏ. புரதங்கள் என்று பெயர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் ழான் தோசே 1958-இல் இவற்றுள் முதலாவதைக் கண்டறிந்தார். அதற்காக 1980-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். சீட்டைப் படித்துப் பார்த்துத் தன்னவரா, அயலவரா என்று முடிவு செய்யும் காவலர்கள் டி-வெள்ளணுக்கள்.

சிறுநீரகத்தையோ தோலையோ மாற்றிப் பொருத்தினால், நோயாளியின் காவலர்கள் அயல் உறுப்பைத் தாக்குகிறார்கள். மஜ்ஜை மாற்றில் இதனுடன் இதற்கு நேர்மாறானதும் நிகழலாம். ஏனெனில் இங்கே நாம் பொருத்துவது காவலர் படையையே. புதிதாக வேலைக்கு வந்த காவல்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று பிடித்துக் கட்டிவைத்தால் எப்படி இருக்கும்? அதுபோலக் கொடையாளியின் டி-அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கத் தொடங்குகின்றன. ஒட்டு, ஓம்புயிரைத் தாக்கும் இந்நோய் ஏற்பட மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று பில்லிங்காம் என்னும் அறிஞர் 1966-இல் வகுத்தார். ஒட்டில் எதிர்ப்பாற்றல் உள்ள அணுக்கள் இருத்தல், நோயாளியின் திசுக்கள் அவற்றுக்கு அயலாகத் தோன்றுதல், ஒட்டை விரட்டும் வலிமை நோயாளிக்கு இல்லாதிருத்தல் என்பன அவை. மஜ்ஜை மாற்றில் இம்மூன்றும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன.

இக்கேட்டிலும் ஒரு நன்மை உண்டு. இரத்தப் புற்றுநோயில் எஞ்சிநிற்கும் புற்றணுக்களையும் அதே புதிய காவலர்கள் தேடி அழிக்கிறார்கள். தாக்குதல் மிகுந்தால் நோயாளி அழிவார். குறைந்தால் புற்று மீளும். தலசீமியாவில் அழிக்க வேண்டிய புற்றணு ஏதும் இல்லை. ஆதலின் அங்கே இந்தத் தாக்குதலால் பயன் சிறிதும் இன்றித் துன்பம் மட்டுமே எஞ்சுகிறது. பொருத்தம் மிகச் சரியாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

காவலர்களைக் கட்டுப்படுத்தும் மேற்பார்வையாளர்களும் உடலில் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி-அணுக்கள் எனப்படும் அவற்றைக் கண்டு விளக்கியதற்காகவே ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நான்கில் ஒன்று

எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-ஆவது குரோமோசோமில் ஒன்றையடுத்து ஒன்றாக நெருங்கி அமைந்துள்ளன. எனவே அவை பெரும்பாலும் ஒரே கட்டாகவே பிள்ளைக்குச் செல்கின்றன. தந்தையிடம் க, ங என இரு கட்டுகளும், தாயிடம் ச, ஞ என இரு கட்டுகளும் இருப்பதாகக் கொள்வோம். பிள்ளைக்குக் கிடைப்பது கச, கஞ, ஙச, ஙஞ ஆகிய நான்கில் ஒன்று. ஆகவே உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 100-க்கு 25 மட்டுமே. உடன்பிறந்தார் இருவர் இருந்தால் அவர்களுள் ஒருவரேனும் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 44. மூவர் இருந்தால் 58. ஒரே ஒரு தமக்கை உள்ள வீட்டில் பொருந்தாமல் போகும் வாய்ப்பே 75. இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. பிறக்கும் முன்பே விழுந்துவிட்ட சோழி இது.

பெற்றோரோ எப்போதும் பாதி பொருந்துவர். இரு கட்டுகளில் ஒன்று அவர்கள் தந்ததல்லவா? நம் ஊரில் மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் மணம் முடிப்பது வழக்கம். ஒரே பழுதான மரபணு இருபுறமிருந்தும் வந்து சேர இவ்வழக்கம் வழி செய்கிறது என்பது உண்மை. அதே காரணத்தால் அத்தகைய குடும்பங்களில் உடன்பிறந்தாருக்கு அப்பாலும் பொருந்துபவர் சில வேளைகளில் கிடைக்கிறார் என்பதும் உண்மை. நோயைத் தந்த உறவே மருந்தையும் தருவது மரபியலின் விந்தை எனலாம்.

உலகில் நடந்த முயற்சிகள்

அமெரிக்காவில் டாக்டர் டானல் தாமஸ் 1957-இல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தியதை வெளியிட்டார். ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. அப்போது எச்.எல்.ஏ. பொருத்தம் என்ற அறிவே இல்லை. தொடர்ந்த தோல்விகளால் 1960-களில் பலரும் இம்முயற்சியைக் கைவிட்டார்கள். தாமஸ் கைவிடவில்லை. நாய்களில் சோதனை செய்து, திசுப் பொருத்தம் பார்க்கும் முறையைக் கற்று, மீண்டும் மனிதர்களிடம் வந்தார். 1968-இல் மின்னசோட்டாவில் டாக்டர் ராபர்ட் குட், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தை ஒன்றை உடன்பிறந்தவரின் மஜ்ஜையால் காப்பாற்றினார். தலசீமியாவுக்கு முதல் வெற்றி 1980-களின் தொடக்கத்தில் தாமஸ் குழுவினரால் சியாட்டில் நகரில் கிட்டியது. அதே காலத்தில் இத்தாலியில் பெசாரோ என்னும் ஊரில் டாக்டர் லுக்கரெல்லி இதனையே தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டார். தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். முதல் கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே 33 ஆண்டுகள்!

வேலூரில் 1986

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி குழுவினரால் செய்யப்பட்டது. வேலூரில் இப்பணி 1986 அக்டோபரில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் டாக்டர் மாம்மன் சாண்டி. வேலூர்க் கல்லூரியிலேயே மருத்துவம் பயின்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வெஸ்ட்மீட் மருத்துவமனையில் குருதியியல் பயிற்சி பெற்றுத் திரும்பியவர் அவர். பிற்காலத்தில் கொல்கத்தாவிலுள்ள டாடா மருத்துவ மையத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சிகிச்சை முறையை நெல் சாகுபடியோடு ஒப்பிடலாம். முதலில் வயலை உழுது களையை அழிக்க வேண்டும். புசல்பான், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கடுமையான மருந்துகளால் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பின் நாற்று நட வேண்டும். கொடையாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையைச் சாதாரண இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பின் வழியே ஏற்றுகிறார்கள். குருத்தணுக்கள் தாமே வழி கண்டு எலும்பினுள் சென்று குடியேறுகின்றன. வேர் பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை நோயாளிக்கு எதிர்ப்பாற்றல் என்பதே இல்லை. வடிகட்டிய காற்று உள்ள தனியறையில் அவர் இருக்க வேண்டும். வேர் பிடித்த பின்னும் புதிய காவலர்களை அடக்கிவைக்கச் சைக்ளோஸ்போரின், மீதோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளைத் தருகிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பயன் மிகுதி என்று சியாட்டில் குழுவினர் வெளியிட்டதும் அதே 1986-இல்தான்.

ஆய்வுக் கட்டுரைகள் சொல்வன

சிகிச்சை செய்வது ஒன்று. செய்ததை எண்ணிப் பார்த்து, வெற்றியையும் தோல்வியையும் மறைக்காமல் எழுதி உலகின் முன் வைப்பது வேறொன்று. வேலூர் குழுவினர் இரண்டையும் செய்தனர். அவர்களுடைய கட்டுரைகளுள் சிலவற்றை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, 2001-இல் டாக்டர் சாண்டியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய தொகுப்புக் கட்டுரை. 1986 அக்டோபர் முதல் 1999 டிசம்பர் வரை 214 நோயாளிகளுக்குச் செய்த 221 மாற்றுகளின் கணக்கை அது தருகிறது. அவற்றுள் ஏறத்தாழப் பாதி தலசீமியாவுக்காகச் செய்யப்பட்டவை. செல்வம் குறைந்த நாட்டிலும் இச்சிகிச்சையை முறையாக நடத்த இயலும் என்று அது காட்டியது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் எதிர்ப்பாற்றலை அழித்துவிட்டால் நோயாளிகள் காசத்துக்கு இரையாவார்களே என்ற அச்சமும் இருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு வேலூர் கட்டுரை அதையும் எண்ணிப் பார்த்தது. காசம் கண்டவர்கள் 100-க்கு மூவருக்கும் குறைவு.

இரண்டாவது, மருந்தின் அளவு பற்றியது. உடல் எடைக்கேற்ப ஒரே அளவு புசல்பான் கொடுத்தாலும், சில பிள்ளைகளுக்கு ஒட்டு வேர் பிடிப்பதில்லை. சிலருக்கோ கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு உயிருக்கு ஆபத்து நேர்கிறது. இது ஏன்? பூங்குழலி என்னும் ஆய்வாளரை முதலாசிரியராகக் கொண்டு 1999-இல் வெளிவந்த கட்டுரை இதை ஆராய்ந்தது. ஒரே அளவு மருந்து உண்ட பிள்ளைகளின் குருதியில் அதன் செறிவு பிள்ளைக்குப் பிள்ளை பெரிதும் மாறுபட்டிருந்தது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது குளூட்டதயோன் டிரான்ஸ்பெரேஸ் என்னும் நொதிக் குடும்பம். இக்குடும்பத்தைச் சேர்ந்த எம்1 என்ற மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. அத்தகையோருக்குக் கல்லீரல் குழாய் அடைப்பு கூடுதலாக நேர்கிறது என்று ‘பிளட்’ என்னும் ஏட்டில் 2004-இல் வெளிவந்த வேலூர் கட்டுரை காட்டியது. மருந்துச் சீட்டு ஒன்றாயினும் உடல்கள் ஒன்றல்ல என்பதே இதன் பாடம். வெளிநாட்டு ஏட்டின் பக்கத்தில் பூங்குழலி என்ற தமிழ்ப் பெயரை முதலாவதாகக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வகுப்புத் தோழிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

மூன்றாவது கட்டுரையே என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது. தலசீமியா பிள்ளைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறையைப் பெசாரோவில் லுக்கரெல்லி வகுத்திருந்தார். கல்லீரல் வீக்கம், அதில் நார் பாய்ந்திருத்தல், இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமை ஆகிய மூன்றும் உள்ளோர் மூன்றாம் வகுப்பு. இத்தாலியில் பிள்ளைகள் தக்க காலத்தில் மருத்துவரிடம் வந்தார்கள். நம் நாட்டிலோ கையில் பணம் சேர்த்து, ஊர் ஊராய் அலைந்து வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. எனவே வேலூருக்கு வந்தவர்களில் மிகப் பலர் மூன்றாம் வகுப்பினர். அவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் உள்ளவர்கள்தாமா என்ற வினாவை டாக்டர் விக்ரம் மேத்யூசும் டாக்டர் சாண்டியும் மற்றவர்களும் எழுப்பினார்கள். 2007-இல் வெளிவந்த விடை இதுதான்: 7 வயதோ அதற்கு மேலோ ஆகி, கல்லீரலும் 5 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் வீங்கியிருப்பவர்கள் தனி வகுப்பு, அவர்களுக்கே ஆபத்து மிகுதி. வேறு நாட்டில் செய்த அளவுகோலை அப்படியே ஏற்காமல் நம் பிள்ளைகளை வைத்து அளந்து பார்த்ததால் கிடைத்த உண்மை இது.

அளந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஆபத்து மிகுந்த அந்தப் பிள்ளைகளுக்குப் புசல்பானுக்குப் பதிலாகக் கல்லீரலுக்குத் தீங்கு குறைந்த டிரியோசல்பான் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளிவந்த முடிவின்படி, அவ்வகுப்பில் மூன்றாண்டு உயிர் வாழ்வோர் 100-க்கு ஏறத்தாழ 39 என்றிருந்தது 87 ஆக உயர்ந்தது. இக்கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருச் சிறுவன் நினைவே. அவனுக்கு வயது 8, ஏழைத் தாண்டிவிட்டான். கல்லீரல் இன்னும் 5 சென்டிமீட்டரை எட்டவில்லை. இரும்பு நீக்கும் மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்வது ஏன் என்பதை அவன் தாய்க்கு நான் இப்போது எடுத்துச் சொல்கிறேன்.

குருதிப் புற்றுநோயில் ஒருவகைக்கு மாற்றுச் சிகிச்சையே வேண்டாம் என்று காட்டியதும் இக்குழுவின் பணிதான். சீன மருத்துவர்கள் ஆர்செனிக் சேர்மம் ஒன்றை இந்நோய்க்கு முன்பே பயன்படுத்தியிருந்தார்கள். அதனை மட்டுமே 72 நோயாளிகளுக்குக் கொடுத்து, 100-க்கு 86 பேருக்கு நோய் முற்றிலும் அடங்கியதை வேலூர் குழுவினர் 2006-இல் வெளியிட்டார்கள். நஞ்சையும் அளவறிந்து கொடுத்தால் மருந்தாகும் என்று நம் சித்த மருத்துவர்கள் கூறிவந்த கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது. ஆனால் அளவையும் பயனையும் எண்ணிக் காட்டுவதே அறிவியல். கைப்பக்குவமாக ஆர்செனிக் உண்பது உயிருக்கு உலை வைக்கும்.

கொடையாளி இல்லாமலும் குணம் உண்டா?

பொருந்தும் கொடையாளி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இன்று வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று, பாதி பொருந்தும் பெற்றோரின் குருத்தணுவையே செலுத்துதல். செலுத்திய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தால், சீறி எழுந்த டி-அணுக்கள் மட்டும் மடிகின்றன. அமைதியாக இருக்கும் குருத்தணுக்கள் தப்பிவிடுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞர்கள் வளர்த்த முறை இது.

மற்றொன்று, நோயாளியின் சொந்தக் குருத்தணுவையே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்துதல். தனக்குத் தானே கொடையாளியாவதால் அயலவர் என்ற வினாவே எழுவதில்லை. இரத்தம் உறையாத ஹீமோபீலியா-ஏ நோய்க்கு இம்முறையை டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையில் வேலூரில் சோதித்தார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரும் இதில் பங்கு கொண்டார்கள். ஐந்து நோயாளிகளுக்கு, லென்டிவைரஸ் என்னும் ஊர்தியின் மூலம் நல்ல மரபணுவைக் குருத்தணுவில் ஏற்றிச் செலுத்தினார்கள். எல்லாருடைய காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள். அத்தனை காலமும் ஆண்டுக் குருதிப்போக்கு சுழியம். 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஏடு இதை வெளியிட்டது. ஐந்து பேர் என்பது சிறு எண்தான். ஆயினும் 1957-இல் தாமசின் கட்டுரையில் இருந்தவர்களும் ஆறு பேர்தான் என்பதை மறக்கலாகாது.

கொடையாளராக நாம்

இந்த இரண்டு வழிகளும் எல்லாருக்கும் எட்டும் காலம் இன்னும் வரவில்லை. உறவினர் அல்லாத பொருத்தமான கொடையாளர் பலருக்கு இன்றும் தேவை. எச்.எல்.ஏ. வகைகள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், தமிழ்ப் பிள்ளைக்குப் பொருந்துபவர் ஜெர்மனியில் கிடைப்பதைவிடத் தமிழ்நாட்டில் கிடைக்கும் வாய்ப்பே மிகுதி. சென்னையில் 2009 முதல் இயங்கிவரும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்கள் இதற்காகவே உள்ளன. 18 வயது நிரம்பிய நலமுள்ள இளைஞர்கள் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பதுடன் வேலை முடிந்தது. பொருத்தம் என்று அழைப்பு வந்தால்தான் மேற்கொண்டு கொடை.

நம்மிடையே உள்ள தவறான எண்ணம் ஒன்றை இங்குப் போக்குதல் வேண்டும். மஜ்ஜை என்றதும் பலர் முதுகுத் தண்டை நினைத்துக் கொள்கிறார்கள். பதிவு செய்யப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னபோது என் தாயாரும், “முதுகிலே குத்தினால் கால் விளங்காமல் போய்விடுமே, நாளைக்கு உன்னை யார் கட்டுவார்கள்?” என்று அழுதார்கள். பள்ளி சென்றறியாத என் தாயாரைக் குறை சொல்வதற்கில்லை. பட்டப்படிப்புப் படிப்பவர்களும் இதையேதான் நினைக்கிறார்கள். தண்டுவடம் நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. மஜ்ஜை எலும்பைச் சேர்ந்தது. மஜ்ஜை எடுப்பது இடுப்பெலும்பின் பின்மேட்டிலிருந்து, மயக்க மருந்து கொடுத்த பின். தண்டுவடத்தை ஊசி அணுகுவதே இல்லை. இன்று பெரும்பாலும் அதுவும் தேவைப்படுவதில்லை. ஐந்து நாட்கள் ஊசி மருந்து போட்டுக் குருத்தணுக்களைக் குருதிக்கு வரச் செய்து, கையிலுள்ள நரம்பின் வழியே ஓர் இயந்திரத்தால் பிரித்தெடுக்கிறார்கள். அந்நாட்களில் உடல்வலியும் காய்ச்சல் போன்ற அசதியும் இருக்கும், பின் நீங்கும். கொடுத்த அணுக்களைச் சில வாரங்களில் உடல் ஈடுசெய்துகொள்ளும்.

அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “ரெண்டும் வேற வேறயா?” என்றார்கள். பிறகு சம்மதித்தார்கள். நான் பதிவு செய்துகொண்டேன்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் தன்னவர், அயலவர் என்னும் அடையாளத்தின் மேல் நிற்பது. அவ்வடையாளம் உடன்பிறந்தாரிடையே முழுமையாக ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பிறநாட்டு அறிவை நன்றியுடன் ஏற்பதோடு, நம் மக்களை வைத்து அதை மீண்டும் அளந்து பார்க்கவும் வேண்டும். வேலூர் கட்டுரைகள் அதற்குச் சான்று. நோய் வருமுன் காப்பதும் நம் கையில் உண்டு. மணம் முடிக்கும் முன், குறிப்பாக உறவில் மணம் முடிக்கும் முன், ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் எளிய குருதிச் சோதனை ஒன்று, பழுதான மரபணுவைத் தாங்குவோரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கள் தெருச் சிறுமிக்கு நான் விடை சொல்லிவிட்டேன். க, ங, ச, ஞ என்று தாளில் எழுதி, நான்கு கட்டங்கள் போட்டுக் காட்டினேன். தன் தம்பியின் கட்டமும் தன் கட்டமும் வேறு என்பதை அவளே விரல் வைத்துக் காட்டினாள். “அப்படியென்றால் இந்தக் கட்டத்தில் வேறு யாராவது இருப்பார்களா?” என்று கேட்டாள். அவளுடைய இந்த இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள், 18 வயதைக் கடந்து இக்கல்லூரியின் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் நாம்தாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நாம் ஆண்டுதோறும் நடத்தும் இரத்ததான முகாமோடு, வரும் ஆண்டில் குருத்தணுக் கொடையாளர் பதிவையும் சேர்த்து நடத்த வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டி, இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.